துலக்கிய வெள்ளி

ஸ்விக்கவ் நகரில் நாலாம் மாடி.
லிஃப்ட் இல்லை.
தராசும் லென்சும் வைத்த பெட்டியோடு
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறேன்.
கதவைத் திறந்த ரோஸ்விதா ஹென்ஷ்கேயின் விரல்களில்
புதினா வாசம்.

அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

"நீங்கள் வருகிறீர்கள் என்று
மூன்று நாள் உட்கார்ந்து துலக்கினேன்."
பற்பசை, பழைய பிரஷ், வெந்நீர்.
சமையலறை மேசையில் துணி விரித்து
நூற்றுப் பன்னிரண்டு நினைவு நாணயங்கள்,
புகைப்படத்துக்கு நிறுத்திய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி
முகம் கழுவி, வரிசையாய், கண் கூச.

உட்கார்ந்தேன்.
உட்கார வேண்டியிருந்தது.

வெள்ளி தானாகக் கறுக்க ஓர் ஆயுள் ஆகும்.
முதலில் தேன் நிறம், பிறகு ஊதா,
விளிம்பில் மட்டும் மழைக்கு முந்தைய நீலம்.
அந்தக் கறைக்குத்தான் எங்கள் தொழிலில் விலை.
இதை இவரிடம் எப்படிச் சொல்ல?
லென்சைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.
அதன் பின்னால் கொஞ்ச நேரம் ஒளியலாம்.

லைப்சிக் போரின் நூற்றாண்டு, பதிமூன்றாம் வருஷம்:
மலைபோல் கட்டிய நினைவு மண்டபம்.
திறந்த பத்தாம் மாதம் அடுத்த போர்.
முப்பதில் உலகைச் சுற்றும் விண்கப்பல்.
இருபத்தொன்பதில் ஒரு கை,
அரசியல் சாசனத்துக்கு உண்மையாய் இருப்போமென்று
விரல் உயர்த்திச் சத்தியம் செய்கிறது.
சாசனம் நாலு வருஷம் தாங்கவில்லை.
கை இன்னும் இறங்கவில்லை.
பற்பசைக்கும் அசையவில்லை.

"இது ஒன்றுதான் சுத்தமாகவில்லை" என்று
ஓரத்தில் கிடந்ததை நகர்த்தினார்.
பிரேமர்ஹாஃபன் துறைமுகம், பாய்மரக் கப்பல்,
பாயின் குறுக்கே ஒரு கட்டைவிரல் ரேகை.
வியர்வை உலோகத்தைத் தின்று பதிந்தது.
எதற்கும் போகாது.
தன் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.
ரேகை பெரிது.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை இருந்தது,
பச்சை மையில் ஆர்னுல்ஃபின் பொடி எழுத்து.
கப்பலின் உறையை எடுத்தேன்.
*அச்சு எழுத்து A. எழுபத்தெட்டில் வாங்கியது.
கைரேகை உண்டு, என்னுடையதல்ல.
நாற்பது மார்க் குறைத்தார்கள்.*

மடித்துத் தராசுக்கு அடியில் தள்ளினேன்.

"அதைப் படித்துவிட்டேன்" என்றார்.
"எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது."

ஆகவே விலையையும் மறைக்காமல் சொன்னேன்.
துலக்கிய காசு எடைக்குத்தான் போகும்.
குடியரசுக் காலத்தவை பாதி வெள்ளி, பாதி செம்பு,
அதிலும் பாதிதான் கைக்கு வரும்.
"துலக்காமல் இருந்திருந்தால்?"
அதையும் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று திரும்பி முடிக்கும்வரை
பேசவில்லை.
பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு,
அடக்கப் பார்த்தும் அடங்காமல்.
"நாற்பத்தோரு வருஷம் அந்த அலமாரியைத்
தூசி தட்டக்கூட விடவில்லை மனுஷன்.
ஏனென்று ஒரு நாள் சொல்லியிருந்தால்
தொட்டிருப்பேனா?"

காபி போட்டார். குடித்தோம். கசப்பு.

எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி,
கப்பலை மட்டும் தனியே எடுத்து வைத்தேன்,
வேண்டுமென்பார் என்று.
"அதையும் கொண்டுபோங்கள், யார் கையோ அது" என்றார்.
உறைகளை மட்டும் திரும்பக் கேட்டார்.
நூற்றுப் பன்னிரண்டும் சரிபார்த்து,
தராசின் அடியிலிருந்ததை நினைவாய் உருவி,
பிஸ்கட் டப்பாவில் அடுக்கி மூடினார்.

அந்த உறைகளுக்கும் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு.
நான் வாய் திறக்கவில்லை.

உறையில்லாக் காசுகள் பைக்குள்
படிக்குப் படி மோதிக்கொண்டு இறங்கின.
மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.
காரில் கெம்னிட்ஸ் தாண்டியும்
என் விரல்களில் புதினா.