கறிக்கடையில் பதினொரு மேசைகள்

முதல் நாள் உள்ளே நின்று கைதட்டினேன்.
வெள்ளை ஓடு பதித்த சுவர்கள்
ஒரு தட்டலை மூன்றாக்கித் திருப்பித் தந்தன.
இங்கே ஒருவர் தும்மினால்
பத்துப் பேருக்கு வரி மறந்துபோகும் என்று
நோட்டில் குறித்துக்கொண்டேன்.

மொந்தேவிதேயோ. ரெதுக்தோ பேட்டை.
கறிக்கடையாக இருந்து
நாலு வருடம் பூட்டிக் கிடந்த இடம்.
சாவிக்காரி நீல்தா எச்செவெரி சொன்னாள்:
"ஓடுகளைப் பெயர்க்கக் காசில்லை.
வரப்போகிறவர்கள் அடுத்த தெரு ஆட்கள்.
வீட்டுச் செருப்போடு வருவார்கள்,
அதை மனதில் வைத்துச் செய்."

வீட்டுச் செருப்புக்காரர்களுக்கு என்ன வேண்டும்?
காலில் சிக்காத ஒயர்.
முதுகை முறைக்காத நாற்காலி.
இரண்டு பேருக்கு நடுவே, முழங்கை இடிக்காமல்
சண்டை போடாமல் இருக்க
ஒன்றரை முழம்.
பச்சைச் செடியை நான் எழுதவே இல்லை.
அதை யாராவது கொண்டுவந்து வைப்பார்கள்.
(வைத்தார்கள். மூன்று. ஒன்று பிளாஸ்டிக்.)

கூரையடியில் இரும்புத் தண்டவாளம்,
அதில் இருபத்திரண்டு கொக்கி.
அறுத்தெடுக்க ஆள் கேட்ட கூலியில்
நாலு நாற்காலி வாங்கலாம்.
அதனால் கொக்கிகள் தங்கின.
தடித்த கம்பளித் துணியைப்
பக்கம் பக்கமாய்த் தொங்கவிட்டேன்,
இடையில் விளக்குகள்.
மறுபடி கைதட்டினேன்.
சத்தம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது.

தவறும் செய்தேன்.
இந்த ஊரில் வெயில் வடக்கே சாயும்,
தெரிந்தும்
வடக்குச் சன்னலுக்கு முதுகைக் காட்டி
ஒரு வரிசை போட்டேன்.
ஜூலை மாதக் குளிரில் தாழ வந்த சூரியன்
எல்லாத் திரைக்கும் வெள்ளையடித்துவிட்டுப் போனது.
நீல்தா ஒன்றும் சொல்லவில்லை,
மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
இழுத்தோம். சன்னல் இப்போது தோள்பக்கம்.

அக்குளில் பிளாஸ்க் இல்லாமல்
இந்த ஊரில் யாரும் வேலைக்கு வருவதில்லை.
மாத்தே உறிஞ்சாமல் ஒரு மின்னஞ்சல் போகாது.
முதல் வாரமே வெந்நீர் கவிழ்ந்து
சுல்மாவின் மடிக்கணினி செத்தது.
அன்றிரவே மேசைகளின் வலது மூலையில்
பிளாஸ்க் அளவுக்கு வட்டத் துளை போட்டேன்,
பதினொன்று.
காலையில் யமண்டூ வந்து
துளையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.
இடக்கை.
அவன் மேசைக்கு மட்டும் இரண்டு துளை.

குளிர் அறைதான் தொலைபேசி அறை.
ஒரு சாண் கனக் கதவு,
உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது.
முதலில் மாட்டியது விளக்கு அல்ல,
உட்பக்கக் கைப்பிடி.
பிறகு காற்றுக்கு ஒரு சின்ன விசிறி.
இப்போதெல்லாம் சிலர்
தொலைபேசியை மேசையிலேயே வைத்துவிட்டு
அந்த அறைக்குப் போகிறார்கள்.
பத்து நிமிடம்.
நான் ஒரு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டேன்,
பில்லில் எழுதவில்லை.

போன திங்கள் பன்னிரண்டாவது ஆள் வந்தாள்.
மேசை இல்லை என்றோம்.
அவள் கறி வெட்டும் கட்டையைக் கையால் தடவினாள்.
நின்று வெட்டியவன் நெஞ்சளவுக்குக் கீழே,
அவளுக்குச் சரியாக முழங்கை உயரம்.
நின்றபடியே தட்டச்சு செய்கிறாள்.
நடுவில் கத்தி தின்ற பள்ளம்,
மடிக்கணினி லேசாக ஆடுகிறது.
நாலாய் மடித்த மின்கட்டண ரசீது ஒன்றை
அடியில் கொடுத்திருக்கிறாள்.
ரசீது யாருடையது என்று
நீல்தா இன்னும் தேடுகிறாள்.