ஏப்ரல் கோப்புறை

வட்டு நிரம்பிவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள்
இரட்டைகளை எல்லாம் நீக்கிவிடு என்று
சொல்லிப் போனார் சகர்பான் மேடம்.
மண்டபம் அலுவலகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே
நானும் நாற்பத்தோராயிரம் படங்களும்.

தேடுகிற மென்பொருள் நல்ல பிள்ளை.
சோடி சோடியாகக் கொண்டுவந்து வைக்கும்,
ஓரத்தில் ஓர் எண்ணோடு.
தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றேழு.
அதற்கு எல்லாமே ஒன்றுபோலத்தான்.
எங்கள் வேலையே அப்படி:
மனோலித் தீவுக்குத் தெற்கே, இரண்டு பாக ஆழத்தில்
அதே ஒன்பது இடத்தில், அதே பிளாஸ்டிக் சட்டத்தை இறக்கி
மாதாமாதம் அதே பவளத்தைப் படமெடுப்பது.
விட்டால் ஒரு வருடத்தை ஒரே படமாக்கிவிடும்.
வேண்டாம், வேண்டாம் என்று தட்டிக்கொண்டே போகிறேன்.
இது நவம்பர், கலங்கல்.
இது சனவரி, மான்கொம்பின் நுனியில்
நகக்கண் அளவு புது வளர்ச்சி.
இதில் பாதி என் கட்டைவிரல். போகட்டும்.
இது நம்புகுமார் படகிலிருந்து கைதவறி அழுத்திய ஆகாயம்,
ஆறு தரம்.
ஒன்றுகூட வேண்டாம்.

பிறகு அந்தச் சோடி வந்தது.
நூறு.

இடப்பக்கம் மார்ச். வலப்பக்கம் ஏப்ரல்.
சட்டத்தின் மூலையில் ஓர் ஓரா மீன்
வாலை மடித்துத் திரும்புகிறது.
ஐந்து வாரம் கழித்து, அதே மூலையில்
அதே மடிப்பில் திரும்புகிறது.
கடலில் அப்படி ஒரு மீன் இல்லை.

அடுத்ததும் நூறு. அதற்கடுத்ததும்.
ஒன்பதும்.

அந்த ஏப்ரலில் காற்று இல்லை.
சாக்குச் சொல்ல ஓர் அலைகூட இல்லை,
எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது கடல்.
அலுவலகக் கேமரா என்னோடு
தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தது,
நாளுக்கு மூவாயிரம் கூலிக்கு.
அந்தப் படங்களும் இதே வட்டில்தான்:
பெண் கேக் வெட்டுகிறாள், பதினான்கு தரம்.
பதினான்கிலும் பின்னால் ஒரு பையன்
கேக்கை மட்டுமே பார்க்கிறான்.
எதை வைத்துக்கொள்ள, என்று கேட்கிறது மென்பொருள்.

மே மாதம் இறங்கியபோது
அடியில் எல்லாம் வெள்ளை.
சுண்ணாம்பு அடித்த வெள்ளை இல்லை,
உள்ளே விளக்கு வைத்ததுபோல் ஒரு வெள்ளை.
ஒன்பது முறை அழுத்திவிட்டு மேலே வந்தேன்.
நம்புகுமார் டீ ஊற்றிக் கொடுத்தான், குடித்தேன்.
அறிக்கையில் மேடம் கோடு வரைந்தார்:
மார்ச் வரை நேர், ஏப்ரல் வரை நேர்,
அங்கிருந்து கிணற்றில் கல் விழுந்ததுபோல்.
"ஒரே மாசத்துலயா?" என்றார் என்னைப் பார்த்து.
"தண்ணி சூடு, மேடம்."
அது பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

எந்த வாரம் வெளிறத் தொடங்கியது?
முதலில் எந்தக் கிளை?
பார்க்க ஓர் ஆள் இருந்தான், சம்பளத்துக்கு.
அவன் பிரியாணிப் பந்தியைப் பல கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தான்.

இரண்டில் ஒன்று போதும் என்கிறது திரை.
மார்ச்சை அழித்தால் ஏப்ரல் நிற்கும், துணிச்சலாக.
இரண்டையும் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்,
நாற்பத்தோராயிரத்தில் ஒன்பது.

ஏப்ரலை அழித்தேன்.
மொத்தமாக அழிக்க ஒரு பொத்தான் இருந்தது,
இருந்தும் ஒவ்வொன்றாக.
கோப்புறை மட்டும் மிஞ்சியது. திறந்தால்
காலி என்கிறது.
அந்த மாதத்தைப் பற்றி எங்களிடம் இருப்பது
அவ்வளவுதான்.

பிறகு ஒரு குறிப்பு எழுதினேன், ஒரே வரி:
ஏப்ரலில் நான் இறங்கவில்லை.
'மேடம் கவனத்துக்கு' என்று பெயரிட்டுச் சேமிக்கப் போனால்
திரை தடுக்கிறது:
இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உள்ளது.

தேதி போன வருடம், சூன் இரண்டு.
திறந்து பார்த்தேன். மூன்று பக்கம்.
எனக்குக் கடும் காய்ச்சல், என்று தொடங்குகிறது.
அனுப்பவில்லை.

பழையதை மாற்றிவிடவா?
ஆம். இல்லை.
இரண்டையும் வைத்துக்கொள்.

வெளியே நம்புகுமார் எஞ்சின் கயிற்றை இழுக்கிறான்.
பிடிக்கவில்லை.
மறுபடி இழுக்கிறான்.