ஓதம்

தண்ணீர் பாட்டிலை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.
செவ்ரி ஜெட்டிக்கு நடந்து வந்த பிறகுதான் தெரிந்தது.
ஞாயிறு, காலை ஆறே முக்கால்.
டீக்கடை திறக்கவில்லை.
நாலு பக்கமும் டேப் ஒட்டிய தாள்
மடியில் வெறுமனே கிடக்கிறது.

எதிரே
வானத்துக்கும் சேற்றுக்கும் நடுவில் கோடே இல்லை.
பாலம் நாலு தூண் வரைக்கும் வருகிறது,
பிறகு மூட்டம் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது.
உடைக்கப் போட்ட கப்பல் ஒன்று
துருவா நிழலா என்று சொல்லாமல் சாய்ந்திருக்கிறது.
தூரத்துப் பூநாரைகள்
யாரோ பென்சில் சீவிப் போட்ட சுருள்கள்.

பத்து நிமிடம் இருக்கும் இது.
வெயில் ஏறினால் எல்லாவற்றுக்கும் ஓரம் முளைத்துவிடும்.
ஓரங்களை எனக்குத் தெரியும்,
வாரத்தில் ஆறு நாள்
பல் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன்.

படகுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த ஹரேஷ்வர் பாட்டீல்
"இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே" என்றார் இந்தியில்.
கேனை வெட்டிய கோப்பையில்
கழிமுகத்தை மொண்டு நீட்டினார்.
கலங்கல். மேலே ஒரு எண்ணெய் வானவில்.

தொட்டேன்.

அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும்
நனைந்த தாளில் ஒன்றையொன்று கேட்காமலே பரவின.
பலகையைச் சாய்த்தேன்,
வானம் வழிந்து இறங்கிச் சேறானது.
நான் கலக்காத மண்நிறம் ஒன்று
அங்கங்கே தானாக வந்து நின்றது.
ஐந்தாவது தூணை டிஷ்யூவால் ஒத்தி எடுத்தேன்,
ஆறாவதை வரையவே இல்லை.
பூநாரைகளுக்கு ரோஸ் கரைத்து வைத்திருந்தேன்;
தூரிகை தாளைத் தொடுமுன் எழும்பிவிட்டன.
இருக்கட்டும், அந்த இடம் வெள்ளையாகவே.

பாட்டீல் எட்டிப் பார்த்தார்.
"என் படகு எங்கே?"
மூட்டத்துக்குள் இருக்கிறது என்றேன்.
"டீசல் தீருமுன் கண்டுபிடித்துக் கொடுங்கள்."

அது பிப்ரவரி.

இப்போது ஆடி.
ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில்
மூன்று நாளாகத் துணி காயவில்லை.
ஃபிரிட்ஜுக்கு மேலே, கண்ணாடி போடாமல், அந்தப் படம்.
"செவத்துல ஓதம் ஏறுது, அதக் கழட்டு" என்கிறார் செல்வின்.

சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.
ஈரம் தாளில்.
பலகையைச் சாய்த்தபோது நீர் தேங்கிய கீழ்ப்பாதி
கறுத்து மினுங்குகிறது.
விரலால் ஒற்றி நாக்கில் வைத்தேன்.
உப்பு.

கழற்றவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்:
செவ்ரியில் இந்நேரம்
தண்ணீர் ஏறியிருக்கும்.