வெயிட்டுக்கு எதுகை

ஆனி மாதம். பர்கூர் ரோட்டு மாங்கூழ் ஃபேக்டரி.
எடைமேடையை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில் நான்.
வெளியே நாற்பத்து மூன்று வண்டிகள்
பெங்களூரா ஏற்றிக்கொண்டு
பெட்ரோல் பங்க்கையும் தாண்டி நிற்கின்றன.

போனில் தேஜூ, மூன்றாம் வகுப்பு:
"அம்மா, வெயிட்டுக்கு ரைமிங் வேர்டு அஞ்சு.
மீனிங்கும் எழுதணுமாம்."
"எந்த வெயிட்டு?"
"ரெண்டு இருக்கா?"

இருக்கிறது.
செக்யூரிட்டி கையை நீட்டிச் சொல்வது ஒன்று.
என் திரையில் சிவப்பாக எரிவது ஒன்று.
புரோக்கர் சென்னகேசவன் வரிசையில் நிற்காமல்
உள்ளே போகும்போது பின்னாலிருந்து
"ஆளு வெயிட்டு" என்கிறார்களே, அது மூன்றாவது.
அதைச் சொல்லவில்லை.

சன்னலைப் பார்த்துக்கொண்டே ஐந்தும் சொன்னேன்.
கேட்: சாத்தியிருக்கிறது.
லேட்: முந்தாநாள் டோக்கன் இன்னும் வெளியே.
பிளேட்: லாரியின் நெற்றியில், ஆந்திரா நம்பர்.
ரேட்: காலையில் கரும்பலகையில் அழித்துக்
குறைத்து எழுதினார்கள்.
டேட்: பணம் என்றைக்கு என்ற கட்டம்
சீட்டில் காலி.

அவள் வைத்துவிட்டாள். வார்த்தை வைக்கவில்லை.
ஊத்தங்கரையில் தமிழ் படித்தவள்,
கேன்சலான சீட்டின் முதுகில்
இரண்டாமெழுத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

வெயில் வந்தது முதலில்.
கடைசி மெய் ஒன்றுதான் வேறு,
அரை மாத்திரை தூரம்.
பயிர். வயிறு. உயிர்.
கோயில் சேராது, முதலெழுத்து நெடில்.
கயிறு.
தார்ப்பாய் கட்டுவது என்று பொருளும் எழுதினேன்.
பிறகும் அடித்துவிட்டேன்.

சந்தூர் மாதேசன் கண்ணாடியைத் தட்டினார்:
"ரெண்டு நாளா என்ன மயிருக்கும்மா வெயிட்டு?"
யாப்புப் படிக்காதவர்.
எதுகை தப்பவில்லை.

குப்பத்து டிரைவர் கிளீனரிடம் "ஆகு" என்கிறான்.
அவன் தெலுங்கில் அது பொறு.
என் காதில் விழும்போது
எதுவோ ஒன்று ஆகச் சொல்கிறது.
மாலூர்ப் பையன் "இரு" என்கிறான் கன்னடத்தில்.
அது மட்டும் எல்லை தாண்டியும் அதேதான்.
இருக்கிறார்கள்.

மாதேசன் வண்டி ஏறியபோது மணி நாலு.
ஊரில் நிறுத்த சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார்,
மாங்காய் மட்டும் நாலாயிரத்து நூற்றிருபது.
இங்கே, வண்டி கழித்து, நாலாயிரத்துப் பத்து.
மெஷின் சரியில்லை என்றார்.
மெஷின் சரிதான்.
யாரும் திருடவுமில்லை.
காம்பில் வடிந்த பால்,
அடியில் நசுங்கிப் பலகைச் சந்தில் ஒழுகிய சாறு,
அப்புறம் ஈரம், அது எங்கே போனதென்று
இந்த வானத்தைத்தான் கேட்க வேண்டும்.
வெயிட் பண்ணப் பண்ண வெயிட் குறையும்.
இதை எந்த மீனிங்கில் எழுதுவாய், தேஜூ?

ஹோம்வொர்க் போட்டோ வாட்ஸப்பில் வந்தது.
எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.
எடைக்குரிய வெயிட்டின் நடுவே
இரண்டெழுத்துகள் சத்தமே போடாமல்
உட்கார்ந்திருக்கின்றனவாம்.
"அதுங்க எதுக்கும்மா அங்க?"

லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை
மேடை நிறுத்திருந்தது.
மாதேசன் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.
மட்கார்டில் அவர் சம்சாரம் நாகம்மாளும்
மடியில் தூக்குப் போசியோடு.
இரண்டு தடவையும் இருந்தவர்கள் என்பதால்
கழித்தலில் துல்லியமாகக் காணாமல் போனார்கள்.
சீட்டில் மாங்காய் மட்டும் வந்தது.

"அடுத்த வண்டி" என்றேன் மைக்கில்.
தேஜூவுக்கு என்ன எழுத என்று தெரியவில்லை.
வெயிட் என்று மட்டும் அனுப்பினேன்,
அவசரத்தில், கனமான ஸ்பெல்லிங்கில்.