பதினொன்றில் ஒரு பங்கு

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே பெயர்.
அவருடையது முதலில் வந்த வகை. அலுமினிய முகம்,
உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர், அம்மிக்குழவி கனம்.
என்னுடையது அதற்கு அப்புறம் வந்த மூன்றாவது,
கறுப்பு பிளாஸ்டிக், புளூடூத், நீல விளக்கு,
தூக்கினால் காலி டிபன்பாக்ஸ்.

ராயபுரத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள்
குணசீலன் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு
கொருக்குப்பேட்டை கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.
கூட்ஸ் வண்டி. முடியாத டாங்கர்கள்.
வெயில் பட்டுச் சூடாகிவிடும் என்று
சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு
பனியனோடு வந்து நின்றார் என் வாசலில்.

டிசம்பர் வெள்ளத்தில் என்னுடையது பாதி செத்திருந்தது.
முன்பாதி நன்றாயிருக்கிறது, போன் பேச்சைக் கேட்கும், டிவி பேச்சைக் கேட்கும்.
பின்பாதியில் ஐசி போய்விட்டது. ஸ்பீக்கரைத் தள்ளத் தெம்பில்லை.
அவருடையதற்குத் தெம்பு உண்டு,
போன் என்றால் என்னவென்று தெரியாது.
மாடிப்படியில் நின்று கேட்ட ரெஜினா அக்கா சிரித்தாள்:
"ரெண்டாங் கல்யாணத்துக்கு ஏத்த ஜோடிதான்."
நான் செட்டாப் பாக்ஸ் சர்வீஸ் சென்டரில்
நாளைக்கு நாற்பது போர்டு சால்டரிங் செய்கிறவள்.
எனக்கு அது வெறும் ஐசி.

பழையதன் முதுகில் வட்டமாக ஐந்து துளை.
புதியதன் முதுகில் சிவப்பொன்று, வெள்ளையொன்று.
வண்ணாரப்பேட்டைத் தரைக்கடையில்
யாருடையதோ டேப்ரெக்கார்டரின் வாலை
இருபது ரூபாய்க்கு அறுத்து வாங்கினேன்.
நடுக்கால் எர்த். மற்ற நான்கில்
இரண்டு நமக்கு. இரண்டு சும்மா.

இணைத்ததும் உறுமல்.
"எர்த் பின்னை ஒடிச்சி வுடுக்கா, நின்னுடும்,"
கீழ்வீட்டு தினகரன் கட்டிங் பிளேயரோடு வந்துவிட்டான்.
நாளைக்கும் நான் வேலைக்குப் போகணும் தம்பி என்றேன்.
இரண்டையும் ஒரே பலகையில் சொருகியதும்
உறுமல் இறங்கி, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்கு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
வால்யூம் குமிழுக்கு வெளியே அலுமினியத்தில்,
கடிகாரமென்றால் பத்துமணி இருக்குமிடத்தில்,
நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. மெரூன்.
கேட்டதற்கு ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"புள்ள தூங்கறப்ப இதுக்கு மேல வெக்காதன்னு
கோமளா வெச்சது."

கோமளா போய் ஒன்பது வருஷம்.
பிள்ளை பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம்,
உள்ளறையில் படுத்திருந்தான்.

பொட்டுவரை திருப்பினேன்.
சுவர் அதிர்ந்தது. பரண்மேல் குண்டான் உருண்டது.
பிள்ளை எழுந்து வந்து எங்கள் இருவரையும் பார்த்தான்,
தண்ணீர் குடித்தான், போய்விட்டான்.

தப்பு எதனுடையதும் இல்லை.
புதியது இரண்டு வோல்ட் தருகிறது,
பழையது அதில் பத்திலொன்றுக்குக் காது வைத்துச் செய்தது.
"பொட்ட அழிச்சிட்டு வேற எடத்துல வெச்சிக்கலாம்," என்றார்.
என் அலமாரியில் ரிமூவர் இருக்கிறதா என்றுகூடத் தேடினார்.
வேண்டாம், இரு என்றேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது
நான்கு ரெசிஸ்டர், காகிதத்தில் மடித்து.
பத்தாயிரம் ஓம் இரண்டு, ஆயிரம் ஓம் இரண்டு.
மொத்தம் நான்கு ரூபாய், நோட்டில் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன்.
பிளக்கின் வயிற்றுக்குள்ளேயே வைத்து மூடினேன்.
பதினொன்றில் ஒரு பங்குதான் இனி உள்ளே போகும்.
மிச்சம் எங்கே போகும் என்றார்.
சூடாகிவிடும், கை வைத்தால்கூடத் தெரியாது.

இரவு பதினொன்றரை. மணலிப் பக்கத்துக் கேஸ் வாடை.
குமிழின் கோடு பொட்டுக்கு நேராக.
பாட்டு கூடத்தைத் தாண்டவில்லை,
உள்ளறையில் பிள்ளை புரண்டு படுப்பது
பாட்டுக்கு நடுவே கேட்டது.

இடது ஸ்பீக்கரில் இன்னும் கொஞ்சம் உறுமல்.
ஞாயிற்றுக்கிழமை பார்க்கணும்.