எந்த எழுத்து

நிலவறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.
மிதிவண்டிச் சக்கரம், பனிச்சறுக்குக் கட்டை,
யாருடையதோ ஒற்றைக் காலணி,
அதனடியில்
பிர்னோ நகரத் தொலைபேசிப் புத்தகம்,
தொண்ணூற்று நான்காம் ஆண்டு.
கைக்குழந்தைக் கனம்.

காகிதமும் செத்த மரம்தானே,
சிப்பிக்காளானுக்கு அது போதும் என்று
எங்கோ காதில் விழுந்திருந்தது.
வளர்த்துப் பழக்கமில்லை எனக்கு.
கள்ளிச்செடியையே தண்ணீர் ஊற்றிக் கொன்றவள்.
இரவெல்லாம் டிராம்களை மேய்த்துவிட்டு
விடிந்ததும் வந்து விழுகிறவளிடம்
எதையும் கேட்காமல் வளர்வது எதுவோ
அதுதான் வளரும்.

கொதிநீர் ஊற்றும் முன்
கீழ்வீட்டு ஹவ்ரானெக் வந்தார்.
"ஒரு நிமிஷம்" என்று
விரலில் எச்சில் தொட்டு எச் எழுத்துக்குப் புரட்டினார்.
ஹவ்ரானெக் லுபோர். ஹவ்ரான்கோவா இவோனா.
ஒரே தெரு, ஒரே எண்.
"இந்தத் தாள் மட்டும் எனக்கு."
கிழித்துக் கொடுத்தேன்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
மழை வருமா என்று பேசிவிட்டுப் போனார்.

மீதி ஊர் வாளிக்குள் மூழ்கியது.
பல்மருத்துவர்கள், பூட்டுக்காரர்கள்,
பக்கம் பக்கமாக நோவாக்குகள்.
ஊறிப் பருத்ததைப் பிழிந்தேன், ஆறவிட்டேன்.
தபாலில் வந்த காளான் வித்தை
ஐம்பது பக்கத்துக்கு ஒரு பிடி.
பாலித்தீன் பை, ரப்பர் வளையம்,
குத்தூசியால் நாலைந்து துளை.
காலணி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
என் உழைப்பு அவ்வளவுதான்.
நடுவில் தேநீரும் குடித்தேன்.

"அச்சு மை! நஞ்சு!" என்று
ஸ்டென்கா தொலைபேசியில் கத்தினாள்.
அக்கா சொல்லி நான் எதைக் கேட்டேன்.
இருந்தாலும் அன்று முழுக்க யோசித்தேன்,
பிறகு மறந்துவிட்டேன்.
மறதிதான் அதற்கு எரு.

மூன்று வாரம் கழித்துக்
காலணி தேடித் திறந்தால்
அலமாரிக்குள் பனி பெய்திருந்தது.
பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே
அச்சடித்திருந்த புள்ளிக்கோட்டில் நடந்து நடந்து
வெள்ளை நூல்
தெருவுக்குத் தெரு இணைப்புக் கொடுத்திருந்தது.
யாரும் கூப்பிடாத எண்களில்
நனைந்த மாவு மில்லின் வாசனை.

பையைக் கிழித்து ஜன்னலோரம் வைத்தேன்.
வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தெளிப்பு,
வந்ததும் ஒரு தெளிப்பு.
ஐந்தாம் நாள் குண்டூசித் தலை.
ஆறாம் நாள் சட்டைப் பொத்தான்.
ஏழாம் நாள் நான் தூங்கி எழுவதற்குள்
சாம்பல் நிறக் காதுகள் கொத்துக் கொத்தாய்,
ஓர் ஊரே ஒட்டுக்கேட்பது போல.

திருகினால் வந்துவிடுகிறது.
வெண்ணெய், சீமைச்சோம்பு, இரண்டு முட்டை.
ஹவ்ரானெக்கையும் கூப்பிட்டேன்.
முள்கரண்டியை நிறுத்திக் கேட்டார்:
"இது எந்த எழுத்து?"
எஸ் பக்கம் முளைத்தது என்றேன்.
"அப்படியானால் ஷிமாசெக் இருப்பான்.
என் முன்பணத்தை விழுங்கிய வீட்டுக்காரன்."
நன்றாக மென்றார்.
இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார்.

இரண்டாம் அறுப்பு முதலில் பாதி.
மூன்றாவதில் ஒரு கரண்டிகூட நிறையவில்லை.
புத்தகம் தக்கையாகிவிட்டது.
முற்றத்து ரோஜாவின் அடியில் உதறினேன்.

ஞாயிற்றுக்கிழமை டிராம்களில்
காட்டிலிருந்து திரும்புகிறார்கள்,
கூடையின் மேல் இலை போட்டு மூடிக்கொண்டு.
எங்கே பறித்தது என்றால்
பெற்ற பிள்ளைக்கும் வாய் திறக்கமாட்டார்கள்.
டெப்போவில் என் டப்பாவை முகர்ந்து
எந்தக் காடு என்றார்கள்.
பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
இவளும் சொல்லமாட்டாள்
என்று அவரவர் வேலைக்குப் போனார்கள்.

நேற்றுக் காலை
கதவருகே ஹவ்ரானெக், கையில்
எங்கிருந்தோ தேடிப் பிடித்த
தொண்ணூற்று ஏழாம் ஆண்டுப் புத்தகம்.
"இதில் நான் மட்டும்தான்" என்றார்,
"கிழிக்க ஒன்றுமில்லை."
கொதிநீரை அவரே ஊற்றினார்.