ஷெபாலியின் கொம்பு

மேக் இன்ஸ்டால் என்று அடித்து
என்டரைத் தட்டும்போது மணி பதினொன்று பத்து.
பாபுராவ் தெரு லாட்ஜ்கள் மாடியில்
துணி காயப்போட்டுவிட்டுத் தூங்கியிருந்தன.
முக்கால்வாசி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே
வெள்ளை எழுத்துகள் திரையில் பொங்கி மேலேறின.
எச்சரிக்கைகளும் வந்தன. படிக்கவில்லை.
ஓடி முடித்ததும் மெஷினை அணைத்துப் போட்டேன்.

வந்தது கருப்பு.
கருப்பின் நடுவில் ஓர் அம்பு.
மவுஸை நகர்த்தினால் நகர்கிறது,
மே மாதப் பாலாற்றில் நாய் குறுக்கே போகிற மாதிரி.
எங்கே வேண்டுமானாலும் போகலாம்,
போய்ச் சேர ஒன்றுமில்லை.

ஓனர் தேவநேசன் காட்பாடியில் தூங்குகிறார்.
விடிந்தால் வந்து கேட்பார்:
ஓடிகினு கீற மெஷின்ல
இன்னாத்துக்கும்மா கை வெச்ச?

இன்னாத்துக்கு என்றால்
தபன் மண்டல் கொண்டுவந்த ஒரே ஒரு பக்கத்துக்கு.
மால்டா பக்கம் ஒரு பஞ்சாயத்துக்கு வங்காளத்தில் மனு.
மனைவிக்கு இரண்டாவது ஆபரேஷன், பணம் போதவில்லை.
காலை ஹவுரா வண்டியில் மைத்துனர் எடுத்துப்போக வேண்டும்.
எங்கள் பழைய மென்பொருள் அதை அச்சடித்தபோது
அந்தம்மா பெயரில்
கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நிற்காமல்
பின்னால் போய்ப் பக்கத்து எழுத்தைப் பிடித்துக்கொண்டது.
நம் எழுத்திலும் இப்படித்தான் ஆகும், எழுதிப் பாருங்கள்:
ஷெபாலி.
ஷபொலி.
"இது வேறு யாரோ" என்றார் இந்தியில்,
தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்து.

எழுத்துகளைக் கோக்கிற நூலகம் பழசு என்று
புதியதன் மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்தேன்.
அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான்
மெனு, ஜன்னல், கடிகாரம், குப்பைத்தொட்டிப் படம்வரை
அத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தன என்று
யார் கண்டது.

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்.
படங்களே இல்லாத அறை ஒன்று திறந்தது.
பெயர் கேட்டது, சொன்னேன்.
கடவுச்சொல்லை
ஒரு நட்சத்திரம்கூடக் காட்டாமல் வாங்கிக்கொண்டது.
என் கோப்புகளைக் காட்டு என்றேன்.
தமிழில் பெயர் வைத்ததெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது,
புள்ளிக்கும் சுழிக்கும்கூடத் தனிக் கட்டம்.
ஏழு கட்டம், ஓர் இடைவெளி, ஆறு கட்டம்:
விரல்விட்டு எண்ணினால் கண்ணீர் அஞ்சலி.
சத்துவாச்சாரிக்காரர், போன வாரம் தட்டச்சு செய்தது.
சரி, எதுவும் போகவில்லை.

ஷட்டருக்குக் கீழே தபனின் செருப்பு தெரிந்தது.
கொசு அடிக்கிற சத்தம்.
"ஹோ ரஹா ஹை" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில்.
செருப்பு கொஞ்சம் நகர்ந்து, மறுபடி அங்கேயே நின்றது.

ஒரு மணிக்குமேல் பிடிபட்டது.
ஒரே பெயரில் இரண்டு பேர்.
ஒன்று ஆதியிலிருந்து இருப்பது,
ஒன்று இன்று ராத்திரி நான் குடிவைத்தது.
கூப்பிட்டால் முதலில் எழுந்து வருவது என்னுடையது.
வந்து, கேட்டது எதுவும் தெரியாமல் விழிக்கிறது.

அழிக்க மனம் வரவில்லை, இரண்டு மணிநேரம் ஆக்கியது.
வேறு கோப்புறையில் தூக்கி வைத்துவிட்டு
பழையபடி பட்டியல் எடுக்கச் சொன்னேன்.
திரும்ப எழுந்தபோது
ஓனர் மகளின் ஞானஸ்நானப் படம் திரை முழுக்க.
அந்தப் படத்தை மாற்றச்சொல்லி
எத்தனை முறை கேட்டிருப்பேன்.
இன்று அந்தக் குழந்தை அழுத முகத்தோடு
அவ்வளவு அழகாக இருந்தது.

மனுவைத் திறந்தேன்.
ஷபொலி.

மணி ஒன்றே முக்கால்.
பெயர் வருகிற மூன்று இடத்திலும்
வெற்றிடம் விட்டு பிரின்ட் எடுத்தேன்.
ஷட்டரைத் தூக்கி, தாளையும் என் பேனாவையும் நீட்டினேன்.
படியில் குந்தி, முழங்காலில் அட்டை வைத்து
அவர் எழுதினார்.
மூன்று தடவையும் கொம்பைத்தான் முதலில் போட்டார்.

பத்து ரூபாய் தாள் தந்தார், மீதி கொடுக்கச் சில்லறை இல்லை.
பேனாவும் திரும்பி வரவில்லை.
கணக்கு சரி.